போஸ்ட்கிரெஸ் டேபிள் டிஸ்கில் எப்படி அடுக்கப்படுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் எண்கள் 64 பிட் லினக்ஸில், அமைப்புகளை மாற்றாமல் நிறுவிய போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கானவை. இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் (அதன் இன்னோடிபி எஞ்சின்) வேறு வழியில் போகும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம். கேள்விகள் பல திசையில் போனாலும் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு விடை தேடும் வழி ஒன்றுதான்: பதிவுகளை எண்ணாதீர்கள், பக்கங்களை (டிஸ்கில் ஒரே மூச்சில் படித்து எழுதும் 8 கேபி கட்டிகளை) எண்ணுங்கள்.

என் டேபிள் எந்த ஃபைலில் இருக்கிறது? கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். டேட்டா டைரக்டரிக்குள் 'பேஸ்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் டேட்டாபேஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர், பெயர் வெறும் எண். அதற்குள் டேபிள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல், அதன் பெயரும் எண்தான். இண்டெக்ஸ்களுக்கும் (பதிவைச் சீக்கிரம் தேட உதவும் அட்டவணைகள்) அப்படியே தனித்தனி ஃபைல். 'பிஜி_ரிலேஷன்_ஃபைல்பாத்' என்ற ஃபங்ஷனுக்கு டேபிள் பெயரைக் கொடுத்தால் 'பேஸ்/16384/24601' என்பதுபோல் ஒரு முகவரி வரும். ஃபைல் 1 ஜிபியை எட்டியதும் 24601.1, அடுத்து 24601.2 என்று புதிய துண்டுகள் தொடங்கும்.

அதே எண்ணோடு '_எஃப்எஸ்எம்', '_விஎம்' என்று முடியும் இரண்டு குட்டி ஃபைல்களும் இருக்கும். முதலாவது, எந்தப் பக்கத்தில் எவ்வளவு காலியிடம் என்பதன் கணக்கு. பக்கத்துக்கு ஒரு பைட்டுதான் என்பதால் 32 பைட்டு துல்லியத்தில்தான் அந்தக் கணக்கு இருக்கும். இரண்டாவதில் பக்கத்துக்கு 2 பிட். 1 ஜிபி டேபிளுக்கு இந்த விஎம் ஃபைல் 40 கேபிதான், ஆனால் வேகத்தில் அதன் பங்கு பெரியது. பின்னால் வருகிறோம்.

ஃபைல் எண்ணை நம்பி ஸ்கிரிப்ட் எதுவும் எழுத வேண்டாம். டேபிளைக் காலிசெய்யும் அல்லது புதிதாக எழுதும் ட்ரங்கேட், வேக்யூம் ஃபுல், கிளஸ்டர் ஆகிய மூன்று கட்டளைகளில் எதை ஓட்டினாலும் எண் மாறிவிடும்.

ஒரே ஒரு பதிவு வேண்டுமென்றாலும் 8 கேபி படிக்கிறதா?

ஆம். போஸ்ட்கிரெஸ் டிஸ்கோடு பேசும் அலகு 8,192 பைட்டு கொண்ட பக்கம். 50 பைட்டு பதிவைக் கேட்டாலும் அது இருக்கும் பக்கம் முழுவதும் மெமரிக்கு வரும். அதில் ஒரு பைட்டை மாற்றினாலும் ஒருநாள் பக்கம் முழுவதும் திரும்ப எழுதப்படும். டிஸ்கும் ஆபரேட்டிங் சிஸ்டமும் எப்படியும் சில கேபி கட்டிகளாகத்தான் வேலை செய்கின்றன. அதைவிடச் சிறிதாகக் கேட்டு லாபமில்லை.

இன்னோடிபியில் பக்கம் 16 கேபி. எஸ்க்யூஎல் சர்வரில் 8 கேபி, ஆரக்கிளில் வழக்கமாக 8 கேபி, எஸ்க்யூலைட்டில் 2016 முதல் 4 கேபி. போஸ்ட்கிரெஸில் அளவை மாற்ற சோர்ஸிலிருந்து மறுபடி கம்பைல் செய்யவேண்டும். அந்த வேலைக்கு இறங்கும் அளவுக்குப் பலன் கிடைக்கும் இடங்கள் அபூர்வம்.

பக்கத்துக்குள் என்னதான் இருக்கிறது?

முதல் 24 பைட்டு தலைப்பகுதி. இந்தப் பக்கத்தின் கடைசி மாற்றம் லாக்கில் (மாற்றங்களின் குறிப்பேடு, பின்னால் வருகிறது) பதிவான இடம் (8 பைட்டு), செக்சம் எனும் சரிபார்ப்பு எண் (2), கொடிகள் (2), காலியிடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற இரண்டு எண்கள் (தலா 2), இன்னும் சில.

தலைப்பகுதியை அடுத்து, பதிவுக்கு 4 பைட்டு வீதம் சுட்டிகள் மேலிருந்து கீழாக வளரும். பதிவுகள் பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி அடுக்கப்படும். நடுவில் இருப்பது காலியிடம். இரண்டும் முட்டிக்கொண்டால் பக்கம் நிரம்பிவிட்டது.

சுட்டி எதற்கு, பதிவின் இடத்தையே இண்டெக்ஸில் எழுதிவைத்தால் போதாதா? போதாது. பதிவுகளின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. இடைவெளிகளை ஒழிக்கப் பக்கத்துக்குள் பதிவுகளை நகர்த்த நேரும். இண்டெக்ஸ் வைத்திருப்பது 'பக்க எண், சுட்டி எண்' என்ற ஜோடியைத்தான். பதிவு உள்ளே நகர்ந்தால் சுட்டியில் உள்ள தூரத்தை மாற்றினால் போதும். இண்டெக்ஸைத் தொடவே வேண்டாம். அந்த ஜோடியைப் பார்க்க, செலக்ட்டில் 'சிடிஐடி' என்று ஒரு புலத்தைச் சேர்த்துக் கேளுங்கள். (0,1) என்றால் முதல் பக்கத்தின் முதல் சுட்டி: பக்கங்கள் 0 முதலும் சுட்டிகள் 1 முதலும் எண்ணப்படுகின்றன. சிடிஐடியை நிரந்தர அடையாளமாகச் சேமித்துவைக்கக் கூடாது. ஒரு அப்டேட் போதும், அது மாறிவிடும்.

பைட்டு பைட்டாகப் பார்க்க விரும்பினால் 'பேஜ்இன்ஸ்பெக்ட்' என்ற எக்ஸ்டென்ஷன் போஸ்ட்கிரெஸோடு கூடவே வருகிறது. சோதனை டேபிளில் இரண்டு இன்சர்ட், ஒரு அப்டேட், ஒரு டிலீட் செய்துவிட்டு முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பதில் பாதி அங்கேயே புரிந்துவிடும்.

ஒரு பதிவுக்கு உண்மையில் எத்தனை பைட்டு?

நினைப்பதைவிட அதிகம். ஒவ்வொரு பதிவுக்கும் 23 பைட்டு தலைப்பு உண்டு: எந்த ட்ரான்ஸாக்ஷன் (கமிட் ஆகும்போது ஒன்றாக நிலைபெறும் மாற்றங்களின் தொகுப்பு) உருவாக்கியது, எது அழித்தது, அடுத்த பதிப்பு எங்கே, வெறுமைப் புலம் (மதிப்பே இல்லாத 'நல்') ஏதும் உண்டா என்ற தகவல்கள். 8இன் மடங்குக்கு உயர்த்தினால் 24. சுட்டிக்கு 4. ஆக, 8 பைட்டு பிக்இண்ட் ஒன்று மட்டுமே உள்ள டேபிளில் பதிவுக்கு 36 பைட்டு. பக்கத்துக்கு 226 பதிவுகள். அதை 4 பைட்டு இண்டாக மாற்றினாலும் அதே 226தான், ஏனென்றால் மீதி 4 பைட்டு நிரப்பியாகப் போய்விடுகிறது.

வெறுமை மதிப்புக்கு இடம் கிடையாது. புலத்துக்கு ஒரு பிட் மட்டும். 8 புலங்கள் வரை அந்த பிட்கள் 23க்கும் 24க்கும் இடையே உள்ள ஒரு பைட்டிலேயே அடங்கிவிடும். ஆகவே நிறைய வெறுமை உள்ள அகலமான டேபிளைப் பார்த்து இட விஷயத்தில் பயப்பட வேண்டியதில்லை.

புலங்களின் வரிசையை மாற்றினால் இடம் மிச்சமாகும் என்கிறார்களே?

உண்மை. பிக்இண்ட், டைம்ஸ்டாம்ப் போன்றவை 8இன் மடங்கில்தான் தொடங்கவேண்டும், இண்ட் 4இன் மடங்கில், பூலியன் எங்கேயும் தொடங்கலாம். பூலியன், பிக்இண்ட், பூலியன், பிக்இண்ட் என்ற வரிசையில் நான்கு புலங்கள் வைத்தால் ஒவ்வொரு பூலியனுக்குப் பின்னும் 7 பைட்டு வீணாகி, தரவு 32 பைட்டு ஆகும். தலைப்பும் சுட்டியும் சேர்த்து 60 பைட்டு. பக்கத்துக்கு 136 பதிவுகள். பிக்இண்ட் இரண்டையும் முன்னால் வைத்தால் தரவு 18 பைட்டு, மொத்தம் 52 பைட்டு, பக்கத்துக்கு 157 பதிவுகள். 10 கோடி பதிவுகளுக்கு முதல் வரிசையில் 7,35,295 பக்கங்கள் (5.6 ஜிபி), இரண்டாவதில் 6,36,943 பக்கங்கள் (4.9 ஜிபி).

விதி சுருக்கம்: 8 பைட்டு, 4, 2, 1, கடைசியில் நீளம் மாறும் டெக்ஸ்ட். ஆனால் இருக்கும் டேபிளில் வரிசையை மாற்றக் கட்டளை எதுவும் கிடையாது. புதிய புலம் எப்போதும் கடைசியில்தான் சேரும். புதிய டேபிள் உருவாக்கிக் கொட்டவேண்டும். சில லட்சம் பதிவுகளுக்காக அந்தப் பாடு தேவையில்லை. டேபிளை முதன்முதல் வடிவமைக்கும்போது ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும்.

தமிழில் சேமித்தால் அதிக இடம் பிடிக்குமா?

பிடிக்கும். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. அதோடு உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனிக் குறியீடுகள். 'முத்துலட்சுமி' என்ற பெயர் கண்ணுக்கு ஏழு எழுத்து. சேமிப்பில் 13 குறியீடுகள், 39 பைட்டு. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 12 பைட்டு.

இதில் இடத்தைவிடத் தொல்லை தருவது நீள வரம்பு. வார்கேர்(10) என்று அறிவித்த புலத்தில் இந்த ஏழெழுத்துப் பெயர் ஏறாது, 'மதிப்பு நீளம்' என்று பிழை வரும். போஸ்ட்கிரெஸ் எண்ணுவது பைட்டை அல்ல, குறியீடுகளை. தமிழ்ப் பெயர் புலங்களுக்கு ஆங்கிலத்துக்கு வைக்கும் வரம்பை அப்படியே வைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் வரம்பில்லாத டெக்ஸ்ட் வகையே நல்லது. வார்கேரும் டெக்ஸ்டும் டிஸ்கில் ஒரே வடிவில்தான் கிடக்கின்றன.

இன்னொன்று: பி-ட்ரீ (மர வடிவில் அடுக்கும் வழக்கமான வகை) இண்டெக்ஸில் ஒரு சாவி ஏறத்தாழ 2,700 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில உரையில் அது இரண்டு பக்கக் கட்டுரை. தமிழில் 900 குறியீடுகள்தான், ஒரு நீண்ட பத்தி. முழு உரைப் புலத்தின்மேல் நேரடியாக இண்டெக்ஸ் போட்டவர்களுக்கு இந்தப் பிழை ஆங்கிலத் தரவில் வராமல் தமிழ்த் தரவில் மட்டும் வரும்.

8 கேபியைவிடப் பெரிய மதிப்பு எங்கே போகும்?

ஒரு பதிவு இரண்டு பக்கங்களில் படர்ந்து கிடக்க போஸ்ட்கிரெஸ் அனுமதிப்பதில்லை. பதிவு ஏறத்தாழ 2 கேபியைத் தாண்டினால் 'டோஸ்ட்' என்ற ஏற்பாடு தொடங்கும். முதலில் பெரிய புலங்களைச் சுருக்கிப் பார்க்கும். அப்போதும் பெரிதாக இருந்தால் மதிப்பை ஏறத்தாழ 2,000 பைட்டுத் துண்டுகளாக வெட்டி, கூடவே இருக்கும் ஒரு மறைவான டேபிளில் போட்டுவிட்டு, மூலப் பதிவில் 18 பைட்டு சுட்டி ஒன்றை மட்டும் வைக்கும். ஒரு மதிப்பின் உச்ச வரம்பு 1 ஜிபி.

இதனால்தான் 'செலக்ட் ஸ்டார்' மெதுவாக ஓடுகிறது. பெரிய ஜேசன் புலத்தைக் கேட்காத வினவலுக்கு அந்த மறைவான டேபிளைத் தொடவே வேண்டாம்; ஸ்டார் போட்டால் பதிவுக்குப் பதிவு அங்கே போய்த் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவேண்டும். 14ஆம் வெர்ஷனிலிருந்து எல்இசட்4 சுருக்கமும் கிடைக்கிறது. பழைய முறையைவிட வேகம்.

ஜேசனில் ஒரு சிறு சாவியை மாற்றினாலும் முழு மதிப்பும் புதிதாக எழுதப்படும். 200 கேபி ஜேசனில் ஒரு கவுன்டரை ஏற்றிக்கொண்டிருப்பது டிஸ்கை அடிப்பதற்குச் சமம். கவுன்டருக்குத் தனிப் புலம் வையுங்கள்.

பாதிப் பதிவுகளை டிலீட் செய்தும் டிஸ்கில் இடம் குறையவில்லையே?

அதிகம் வரும் கேள்வி இது. டிலீட் எதையும் அழிப்பதில்லை. பதிவின் தலைப்பில் 'இந்த ட்ரான்ஸாக்ஷன் இதை நீக்கியது' என்று 4 பைட்டு எண்ணை எழுதுகிறது, அவ்வளவுதான். வேறு ஒருவர் பழைய நிலையைப் படித்துக்கொண்டிருக்கலாம். அவருக்காகப் பதிவு அங்கேயே கிடக்கிறது.

இனி எவருக்கும் தேவைப்படாத பதிவுகளை வேக்யூம் வந்து அகற்றும். டேபிளை ஓட்டி இறந்த பதிவுகளின் பட்டியலை எடுக்கும். ஒவ்வொரு இண்டெக்ஸாகப் போய் அவற்றின் உள்ளீடுகளை நீக்கும். பிறகு டேபிளுக்குத் திரும்பி சுட்டிகளை விடுவிக்கும். இண்டெக்ஸ் எட்டு இருந்தால் எட்டையும் முழுக்க ஓட்டவேண்டும். 16ஆம் வெர்ஷன் வரை அந்தப் பட்டியலில் பதிவுக்கு 6 பைட்டு. 64 எம்பி மெமரியில் 1.1 கோடி பதிவுகள்தான் அடங்கும், அதற்கு மேல் போனால் இண்டெக்ஸ்களை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டவேண்டிவரும். 17இல் பட்டியலின் வடிவமே மாறி, மெமரி வெகுவாகக் குறைந்துவிட்டது.

வேக்யூம் முடிந்தபிறகும் ஃபைல் சுருங்காது. விடுபட்ட இடம் அதே டேபிளின் அடுத்த இன்சர்ட்டுக்குப் போகும், ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அல்ல. ஃபைலின் கடைசியில் உள்ள பக்கங்கள் மொத்தமாகக் காலியாக இருந்தால் மட்டும் வாலை வெட்டித் திருப்பித் தரும். நடுவில் 90 சதவீதம் காலியாக இருந்து கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பதிவு உயிரோடு இருந்தாலும் ஒரு பைட்டுகூடத் திரும்பாது.

இடத்தைத் திரும்பப் பெற வழிகள் மூன்று. வேக்யூம் ஃபுல்: உயிருள்ள பதிவுகளைப் புதிய ஃபைலில் எழுதிவிட்டுப் பழையதை எறியும். அதுவரை அந்த டேபிளில் செலக்ட்கூட ஓடாது, புதிய நகலுக்கு டிஸ்கில் இடமும் வேண்டும். டிஸ்க் நிரம்பியபிறகு இதை நினைத்துப் பயனில்லை. 'பிஜி_ரீபேக்' எக்ஸ்டென்ஷன்: அதே வேலையை நீண்ட பூட்டு இல்லாமல் செய்யும், டேபிளுக்குப் பிரைமரி கீயோ (பதிவின் தனி அடையாளப் புலம்), வெறுமை ஏற்காத யூனிக் இண்டெக்ஸோ இருக்கவேண்டும். மூன்றாவது, முன்கூட்டியே யோசித்திருந்தால் மட்டும் வாய்ப்பது: மாதத்துக்கு ஒரு பார்ட்டிஷன் (டேபிளின் தனி ஃபைல் கொண்ட பகுதி). பழைய மாதத்தை டிராப் செய்தால் ஃபைலே போய்விடும். சில நொடிகளில் இடம் கையில். லாக், பரிவர்த்தனை வரலாறு போன்ற, வயதானபின் எறியும் தரவுக்கு இதைத் தவிர வேறு எதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ஆட்டோவேக்யூம் ஓடுகிறது, ஆனாலும் டேபிள் வீங்கிக்கொண்டே போகிறது. ஏன்?

ஆட்டோவேக்யூம் என்பது வேக்யூமைத் தானாக ஓட்டும் பின்னணி வேலை. வீக்கத்துக்கு இரண்டு காரணங்களில் ஒன்று.

முதலாவது, தாமதமாக வருகிறது. வழக்கமான விதி: இறந்த பதிவுகள் 50 + மொத்தத்தில் 20 சதவீதம் ஆனபின் தொடங்கும். 10 கோடிப் பதிவுகள் உள்ள டேபிளில் அது 2 கோடி. பெரிய டேபிள்களுக்கு மட்டும் 'ஆட்டோவேக்யூம்_வேக்யூம்_ஸ்கேல்_ஃபேக்டர்' மதிப்பை 0.01 என்று இறக்குங்கள். ஆட்டோவேக்யூம் சர்வரை மெதுவாக்குகிறது என்று அதை அணைத்துவிடுவது மோசமான வைத்தியம்.

இரண்டாவது, வந்தும் எதையும் அகற்ற முடியவில்லை. எவரோ ஒருவர் பழைய நிலையைப் பிடித்துவைத்திருக்கிறார்: பிகின் சொல்லிவிட்டு கமிட் செய்யாமல் கிடக்கும் ஒரு கனெக்ஷன், ஆறு மணி நேரம் ஓடும் ஒரு ரிப்போர்ட், எவரும் படிக்காத ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ரெப்ளிகா எனும் நகல் சர்வருக்காக லாக்கைப் பிடித்துவைக்கும் குறி), முடிக்காமல் மறந்துபோன பிரிப்பேர்டு ட்ரான்ஸாக்ஷன். இதே வரிசையில் 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி', 'பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ்', 'பிஜி_பிரிப்பேர்டு_எக்ஸாக்ட்ஸ்' மூன்றையும் பாருங்கள். இவை தொடங்கியபின் இறந்த பதிவுகள் எல்லாம், வேறு டேபிள்களில் உள்ளவைகூட, அப்படியே தேங்கும். 'ஐடில்_இன்_ட்ரான்ஸாக்ஷன்_செஷன்_டைம்அவுட்' என்ற அமைப்பு வழக்கத்தில் அணைந்திருக்கும். ஐந்து பத்து நிமிடமாவது வைத்துவிடுங்கள்.

அப்டேட் மட்டும்தான் செய்கிறோம். அதற்குமா வீக்கம்?

அப்டேட் என்பது பழையதை இறந்ததாகக் குறித்துவிட்டுப் புதிய பதிப்பை வேறு இடத்தில் எழுதுவது. எந்தப் பதிவுகள் என்று வரம்பிடும் 'வேர்' (where) நிபந்தனை இல்லாமல் முழு டேபிளையும் ஒரே அப்டேட்டில் மாற்றினால் ஃபைல் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 50,000 பதிவுகள் வீதம் பிரித்து, இடையிடையே வேக்யூம் ஓட்டினால் முன் தவணை விட்ட இடத்தைப் பின் தவணை எடுத்துக்கொள்ளும்.

இண்டெக்ஸ்களின் பாடு இன்னும் மோசம். பதிவு இடம் மாறியதால், மாறாத புலங்களின் இண்டெக்ஸ்களிலும் புதிய உள்ளீடு போடவேண்டும். இதிலிருந்து தப்பிக்க 2008இல் வந்த 8.3 வெர்ஷனில் 'ஹாட்' என்ற வழி சேர்ந்தது: இண்டெக்ஸ் உள்ள புலம் எதுவும் மாறாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், புதிய பதிப்பை அங்கேயே வைத்துப் பழைய சுட்டியிலிருந்து சங்கிலி போட்டுவிடும். இண்டெக்ஸைத் தொடாது. பக்கத்தில் இடம் இருக்கவேண்டுமே? டேபிள்களுக்கு ஃபில்ஃபேக்டர் வழக்கத்தில் 100, அதாவது பக்கத்தை விளிம்புவரை நிரப்பும். அடிக்கடி அப்டேட் ஆகும் டேபிளுக்கு 85 அல்லது 90 வையுங்கள். இது புதிதாக நிரம்பும் பக்கங்களுக்குத்தான் பொருந்தும். பழையவை மறுபடி எழுதப்படும்வரை அப்படியேதான். பலன் தெரிகிறதா என்று 'பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ்' பார்வையில் மொத்த அப்டேட் எண்ணிக்கையையும் ஹாட் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் தெரியும்.

'கடைசியாக மாறிய நேரம்' என்ற புலத்தின்மேல் இண்டெக்ஸ் போட்டிருந்தால் அந்த டேபிளில் ஹாட் ஒருபோதும் நடக்காது. அந்த இண்டெக்ஸ் உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள்.

10 கோடிப் பதிவுகளில் ஒன்றைத் தேட இண்டெக்ஸ் எத்தனை பக்கம் படிக்கும்?

ஐந்து. பிக்இண்ட் சாவிக்கு உள்ளீடு ஒன்று 16 பைட்டு, சுட்டி 4. 90 சதவீதம் நிரப்பினால் ஓர் இலைப் பக்கத்தில் ஏறத்தாழ 366 உள்ளீடுகள். 10 கோடிக்கு 2.7 லட்சம் இலைகள். அவற்றைக் காட்டும் மேல்நிலைப் பக்கங்கள் ஆயிரத்துக்குள், அவற்றின் மேல் நான்கைந்து, உச்சியில் ஒரு வேர். நான்கு நிலை, பிறகு டேபிள் பக்கம் ஒன்று. மேல் மூன்று நிலைகளும் சேர்ந்து 8 எம்பிதான் என்பதால் எப்போதும் மெமரியிலேயே இருக்கும். உண்மையில் டிஸ்கைத் தொடுவது இரண்டு முறை. போயிங் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் 1970 வாக்கில் வகுத்த இந்த மரம் இன்னும் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இண்டெக்ஸ் இருந்தும் முழு டேபிளையும் படிக்கிறது. பிளானருக்குப் புத்தி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. (பிளானர் என்பது வினவலை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பகுதி.) 10 லட்சம் பதிவுகள், பக்கத்துக்கு 100 என்றால் 10,000 பக்கங்கள். உங்கள் வினவலுக்கு 5 சதவீதப் பதிவுகள் பொருந்துகின்றன, அவை டேபிள் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பக்கத்தில் உள்ள 100 பதிவுகளில் ஒன்றுகூடப் பொருந்தாமல் இருக்க வாய்ப்பு 0.95இன் 100ஆம் அடுக்கு, அதாவது 0.6 சதவீதம். 5 சதவீதப் பதிவுகளுக்காக 99.4 சதவீதப் பக்கங்களைத் தொட்டாகவேண்டும். அதற்கு இண்டெக்ஸ் வழியாகச் சுற்றிப் போவதைவிட நேராகப் படித்துவிடுவதே மலிவு.

அதே 5 சதவீதம் அருகருகே கிடந்தால் 500 பக்கம்தான். தேதிப் புலத்தில் இண்டெக்ஸ் நன்றாக வேலைசெய்து, நிலை (ஸ்டேட்டஸ்) புலத்தில் செய்யாமல் போவது இதனால்தான்: பதிவுகள் தேதி வரிசையில் வந்து சேர்ந்தவை. 'பிஜி_ஸ்டாட்ஸ்' பார்வையில் 'கோரிலேஷன்' மதிப்பு 1க்கோ -1க்கோ அருகில் இருந்தால் அடுக்காகக் கிடக்கிறது, 0க்கு அருகில் என்றால் சிதறல்.

பிளானர் உண்மையிலேயே தவறு செய்யும் இடமும் உண்டு. சிதறிய பக்கத்தைப் படிக்கும் செலவு தொடர்ச்சியாகப் படிப்பதைப்போல் 4 மடங்கு என்று அது எடுத்துக்கொள்கிறது. எஸ்எஸ்டி இருந்தால் 'ரேண்டம்_பேஜ்_காஸ்ட்' மதிப்பை 1.1 அளவுக்கு இறக்குங்கள்.

இன்னொரு நுட்பம்: கேட்ட புலங்கள் எல்லாம் இண்டெக்ஸிலேயே இருந்தால் டேபிளுக்குப் போகாமல் முடித்துவிடலாம். ஆனால் பதிவு உயிரோடு இருக்கிறதா என்ற தகவல் இண்டெக்ஸில் கிடையாது. 'இந்தப் பக்கத்தில் உள்ளவை எல்லாருக்கும் தெரிபவை' என்று முன்பு சொன்ன விஎம் ஃபைலின் பிட் இருந்தால்தான் பயணம் மிச்சம். அந்த பிட்டை ஏற்றுவது வேக்யூம். வினவல் ஓடிய விதத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸில் 'ஹீப் ஃபெட்சஸ்' (டேபிளுக்குப் போன தடவைகள்) எண் பெரிதாக இருந்தால் வேக்யூம் பின்தங்கியிருக்கிறது.

மைஎஸ்க்யூஎல்லில் என்ன வித்தியாசம்?

இன்னோடிபியில் டேபிள் என்ற தனிக் குவியலே இல்லை. பிரைமரி கீ மரத்தின் இலைகளில் முழுப் பதிவுகளும் கிடக்கின்றன. பிரைமரி கீ வழியாகத் தேடினால் கடைசிப் பாய்ச்சல் ஒன்று மிச்சம். பதிலுக்கு, மற்ற இண்டெக்ஸ்கள் ஒவ்வொன்றிலும் பிரைமரி கீயின் நகல் உட்கார்ந்திருக்கும். அவற்றில் தேடினால் இரண்டு மரம் இறங்கவேண்டும். பிரைமரி கீயும் யூனிக் கீயும் இல்லாத டேபிளுக்கு 6 பைட்டு மறைவு எண் ஒன்றை அதுவே வைத்துக்கொள்ளும்.

பழைய பதிப்புகள் டேபிளுக்குள் கிடக்காமல் அன்டூ லாக்குக்குப் போகின்றன. ஆகவே வீக்கம் வேறு இடத்தில் வரும்: நீண்ட ட்ரான்ஸாக்ஷன் இருந்தால் அன்டூ வளரும். டிலீட் செய்த இடம் இங்கும் ஃபைலுக்குள்ளேயே தங்கும். ஆப்டிமைஸ் டேபிள் ஓட்டினால்தான் சுருங்கும்.

யூயூஐடியைப் பிரைமரி கீயாக வைப்பது தவறா?

யூயூஐடி என்பது ஒன்றோடொன்று மோதாதபடி உருவாக்கும் 16 பைட்டு அடையாள எண். அது தற்செயல் எண்ணான 4ஆம் வகை என்றால் விலை உண்டு. ஏறுவரிசை எண் எப்போதும் மரத்தின் வலது ஓரப் பக்கத்தில் சேரும். தற்செயல் எண் ஏதோ ஒரு இலைக்குப் போகும். இலைகள் பிளந்து பிளந்து சராசரியாக 70 சதவீதம் அளவுக்கே நிரம்பி நிற்கும். இண்டெக்ஸ் மெமரியைவிடப் பெரிதானதும் ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் டிஸ்கிலிருந்து ஒரு பக்கத்தைக் கொண்டுவரவேண்டும். லாக்கும் பெருக்கும், காரணம் அடுத்த கேள்வியில்.

இன்னோடிபியில் இன்னும் கடுமை. யூயூஐடியை 36 எழுத்து உரையாக வைத்து, ஐந்து கூடுதல் இண்டெக்ஸ்களும் இருந்தால், பிக்இண்டோடு ஒப்பிட அந்த ஐந்து இண்டெக்ஸ்களில் மட்டும் பதிவுக்கு 140 பைட்டு அதிகம். 10 கோடிக்கு 14 ஜிபி. உரையாக வைக்காதீர்கள், மைஎஸ்க்யூஎல்லில் பைனரி(16), போஸ்ட்கிரெஸில் யூயூஐடி வகை. நேரத்தை முன்னால் வைக்கும் 7ஆம் வகை இந்தச் சிதறலைத் தீர்த்துவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் 18இல் அதற்கு உள்ளமைந்த ஃபங்ஷனே உண்டு.

கமிட் ஆனதும் கரண்ட் போனால் தரவு இருக்குமா?

இருக்கும். கமிட் நேரத்தில் டேபிள் ஃபைலில் எதுவும் எழுதப்பட்டிருக்கவேண்டியதில்லை. மாற்றத்தின் குறிப்பு 'டபிள்யூஏஎல்' என்ற லாக்கில் (16 எம்பி ஃபைல்கள்) எழுதப்பட்டு, எஃப்சிங்க் மூலம் டிஸ்கில் இறங்கியதா என்று உறுதிசெய்தபின்தான் 'கமிட்' என்ற பதில் வரும். டேபிள் பக்கங்கள் பின்னர், செக்பாயின்ட் வரும்போது (வழக்கத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை) சாவகாசமாக இறங்கும்.

8 கேபி பக்கத்தை எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் மேல் 4 கேபி புதிது, கீழ் 4 கேபி பழையது என்று கிழிந்த பக்கம் கிடைக்கும். இதற்காகச் செக்பாயின்ட்டுக்குப் பிறகு ஒரு பக்கத்தை முதல்முறை தொடும்போது, அந்தப் பக்கம் முழுவதையும் லாக்கில் எழுதிவைக்கிறது. யூயூஐடி விஷயம் இங்கேதான் உறைக்கும்: எங்கோ ஒரு இலையில் 24 பைட்டு சேர்த்ததற்கு 8 கேபி லாக். இன்னோடிபி இதே சிக்கலை, பக்கத்தை முதலில் டபிள்ரைட் பகுதியில் எழுதிவிட்டு அப்புறம் உரிய இடத்தில் எழுதித் தீர்க்கிறது.

வேகத்துக்காக எஃப்சிங்கை அணைக்கச் சொல்லும் ஆலோசனைகளைக் கேட்காதீர்கள். கரண்ட் போனால் டேட்டாபேஸே சிதையும். 'சிங்க்ரனஸ்_கமிட்' அணைப்பது வேறு விஷயம்: கடைசி அரை நொடி அளவு கமிட்கள் போகலாம், சிதைவு வராது.

செக்சம் போட்டுவிட்டால் சிதைவைப் பற்றிக் கவலை இல்லையா?

டிஸ்கில் பைட்டு மாறிப்போனால் கண்டுபிடிக்கும், திருத்தாது. 9.3இல் வந்தது, 18 முதல் புதிய நிறுவல்களில் தானாகவே உண்டு. பழையவற்றில் சர்வரை நிறுத்திவிட்டு 'பிஜி_செக்சம்ஸ்' கருவியால் ஏற்றலாம் (12 முதல்).

செக்சத்தால் பிடிக்கமுடியாத சிதைவு ஒன்று பலரைக் கடித்திருக்கிறது. உரை இண்டெக்ஸின் வரிசை ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சி லைப்ரரியைப் பொறுத்தது. 2018இல் ஜிலிப்சி 2.28 வரிசை விதிகளை மாற்றியது. பழைய லினக்ஸில் கட்டிய இண்டெக்ஸைப் புதிய லினக்ஸில் அப்படியே ஏற்றியவர்களுக்கு, இருக்கும் பதிவு 'இல்லை' என்று வந்தது, யூனிக் புலத்தில் இரட்டைப் பதிவுகள் நுழைந்தன. பைட்டுகள் எல்லாம் சரி, வரிசைதான் தவறு. ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றினால் உரை இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள். 'ஆம்செக்' எக்ஸ்டென்ஷனால் சரிபார்க்கலாம்.

சர்வர் ஓடும்போதே டேட்டா டைரக்டரியை வேறு டிஸ்குக்குக் காப்பி செய்யலாமா?

கூடாது. காப்பி ஓடும் பத்து நிமிடத்தில் முதல் ஃபைல் ஒரு நேரத்து நிலையையும் கடைசி ஃபைல் வேறு நேரத்து நிலையையும் காட்டும். 'பிஜி_பேஸ்பேக்அப்' அந்த இடைவெளிக்கான லாக்கையும் சேர்த்து எடுக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், அல்லது சர்வரை நிறுத்திவிட்டுக் காப்பி எடுங்கள்.

டிஸ்க் நிரம்பிவிட்டது. டபிள்யூஏஎல் லாக் இருக்கும் 'பிஜி_வால்' ஃபோல்டரில் பழைய ஃபைல்கள் ஏராளம். அழிக்கலாமா?

எக்காரணம் கொண்டும் கையால் அழிக்காதீர்கள். லாக் என்று பெயர் இருப்பதால் வெட்டி ஃபைல் என்று நினைத்து அழித்துவிட்டு, சர்வரை மறுபடி எழுப்ப முடியாமல் நிற்பவர்கள் நிறைய. டேபிள்களுக்கு இன்னும் இறங்காத கமிட்கள் அங்கேதான் இருக்கின்றன.

அது ஏன் குவிந்தது என்று பாருங்கள். லாக்கை வேறிடத்தில் சேமிக்கும் ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டிருக்கலாம், 'பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர்' சொல்லும். அல்லது நிறுத்திவிட்ட ரெப்ளிகாவின் ஸ்லாட் இன்னும் லாக்கைப் பிடித்துவைத்திருக்கலாம். ஸ்லாட்டை நீக்கினால் அடுத்த செக்பாயின்ட்டில் சர்வரே ஃபைல்களை அகற்றிவிடும். இடமே இல்லாமல் சர்வர் விழுந்துவிட்டதென்றால், அதே டிஸ்கில் உள்ள போஸ்ட்கிரெஸ் சாராத ஃபைல்களை நகர்த்துங்கள், வால்யூமைப் பெரிதாக்குங்கள், அல்லது இஎக்ஸ்டி4 என்றால் ரூட்டுக்கென ஒதுக்கிய 5 சதவீதத்தை 'ட்யூன்2எஃப்எஸ்' கட்டளையால் குறைத்து அந்த இடத்தில் சர்வரை எழுப்புங்கள். எழுந்ததும் 13 முதல் இருக்கும் 'மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்' அமைப்புக்கு ஒரு வரம்பு கொடுங்கள். வழக்கத்தில் அதற்கு வரம்பே கிடையாது.